மருமகள் கண்ணுக்குப் பூச்சு வேலை

போன வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணி. என் மருமகள் நித்யாவை ஜன்னல் ஓரம் நாற்காலி போட்டு உட்காரவைத்து, அவள் கண்ணுக்குக் கீழே பூச்சு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணமா? இல்லை. காதுகுத்தா? அதுவும் இல்லை. அவளுடைய அம்மா வருகிறார் — அவ்வளவுதான்.

பெற்ற தாய் வருவதற்கு எதற்கு மேக்கப் என்று கேட்கிறீர்களா? கேளுங்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அன்றைக்கு அதை என்னிடம் கேட்க வீட்டில் ஆள் இல்லை. இருந்திருந்தாலும் நேராகப் பதில் சொல்லியிருப்பேனா... சந்தேகம்தான்.

வாராவாரம் நான் எழுதுகிற இந்தப் பக்கத்தில் நான் கிண்டல் செய்யாத ஆள் கிடையாது. என் வீட்டுக்காரர், ஷேர் ஆட்டோக்காரர், ரயிலில் சீட்டு பிடிக்கிற அம்மணிகள் என்று எல்லோரையும் வாரியிருக்கிறேன். இந்த வாரம் என் முறை. சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு இதை எழுதும்போதே முகம் சுடுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் எங்கள் வாசம். என் வீட்டுக்காரருக்குக் காலை ஷிஃப்ட். ஆறே முக்காலுக்கு டிபன் முடித்து, மத்தியானச் சாப்பாட்டையும் டப்பாவில் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். பையன் கார்த்திக்குக்கு அம்பத்தூரில் கம்ப்யூட்டர் வேலை. மருமகள் நித்யா வேலப்பன்சாவடிப் பெண். அவள் அப்பாவும் அம்மா ஜெகதாவும் அங்கே ஒரு கல்லூரியில் கேன்டீன் நடத்துகிறார்கள்.

தலைப் பிரசவம் அம்மா வீட்டில். குழந்தைக்கு ஐந்தாம் மாதம் நாங்கள் சீர் வைத்து, தாயையும் பிள்ளையையும் அழைத்து வந்தோம். பெண் குழந்தை. பகலெல்லாம் சமர்த்து. ராத்திரி ஆனால் மட்டும் கண்ணை உருட்டிக்கொண்டு கச்சேரி.

நித்யாவுக்கு லீவு முடிந்து, வீட்டிலிருந்தே கம்பெனி வேலை. ராத்திரி குழந்தை. விடிந்தால் அடுப்பு. ஒன்பது மணிக்கு லேப்டாப். கார்த்திக், காலையில் மீட்டிங் இருக்கிறது என்று ஹாலில் போய்ப் படுத்துக்கொள்வான். நானோ ஒன்பதரைக்கு பிரஷர் மாத்திரை போட்டால் அடுத்த நாள் ஆறு மணிக்குத்தான் புரண்டே படுப்பேன்.

காலை டிபனை நீ செய் என்று நான் அவளிடம் சொன்னதில்லை. சத்தியமாகச் சொன்னதில்லை. வந்த முதல் வாரம் அவளாகவே ஐந்தரைக்கு எழுந்து இட்லி ஊற்றினாள். "எதுக்கும்மா உனக்கு இதெல்லாம்" என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன். மறுநாளும் ஊற்றினாள். அதற்கு மறுநாள் அந்தப் பேச்சையும் விட்டுவிட்டேன்.

இரண்டே மாதம். பெண்ணின் கண்ணைச் சுற்றி மை அப்பினாற்போல் ஆகிவிட்டது. முகம் வெளிறி, கண் உள்ளே போய்... பார்க்கிறவர்கள் "உடம்புக்கு என்ன?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? வெள்ளரிக்காய் நறுக்கிக் கொடுத்தேன்.

ஆமாம். சிரிக்காதீர்கள்... சரி, சிரியுங்கள். ஃபிரிட்ஜில் வைத்த டீ பை, உருளைக்கிழங்கு சாறு, கண்ணுக்கு வெள்ளரி வில்லை — ஒன்று விடாமல் செய்தாயிற்று. குழந்தை அழும்போது வில்லையைக் கண்ணிலிருந்து எடுத்து வாயில் போட்டு மென்றுகொண்டே ஓடுவாள். அதை நானே மேல் வீட்டு சரோஜாவிடம் ஜோக்காகச் சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கருவளையம் போக்குவது எப்படி என்று இதே பக்கத்தில் நான் எழுதியது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். நிறையப் பேர் கடிதம் போட்டு நன்றி சொன்னீர்கள். அந்தப் பட்டியலை வெட்கத்தோடு மறுபடி எடுத்துப் பார்த்தேன். 'நன்றாகத் தூங்கவும்' என்பதை எட்டாவதாக எழுதியிருக்கிறேன். எட்டாவதாக! உருளைக்கிழங்குக்குக் கீழே.

வியாழக்கிழமை சாயங்காலம் ஜெகதா போன் செய்தார். கல்லூரியில் படிப்பு விடுமுறையாம், கேன்டீன் மூடியிருக்கிறதாம், நாளைக்குக் காலை வருகிறாராம். அதுவரை எல்லாம் வீடியோ காலில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவிடம் பேசும்போது நித்யாவை லைட்டுக்கு நேராக உட்காரவைப்பது என் வேலை. போனில் எல்லோரும் கொஞ்சம் பளபளப்பாகத்தான் தெரிவோம் இல்லையா?

நேரில் பார்த்தால்? பார்த்த மாத்திரத்தில் பெண்ணையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு போய்விடுவார். போனால் என்ன என்கிறீர்களா? நீங்கள் குவார்ட்டர்ஸில் இருந்ததில்லை. இங்கே ஒரு வீட்டில் தாளித்தால் நாலு வீட்டில் தும்முவார்கள். இரண்டே மாதத்தில் மருமகள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள் என்றால், மாமியார்தான் ஏதோ பண்ணிவிட்டாள் என்று சாயங்காலத்துக்குள் பிளாக் முழுக்கப் பரவிவிடும். அதுவும் நான் யார்? வாராவாரம் ஊருக்குப் புத்தி சொல்கிறவள். என் பெயர் என்ன ஆவது?

பாருங்கள், அவள் உடம்பு என்ன ஆவது என்று எனக்குத் தோன்றவில்லை. என் பெயர்தான் தோன்றியது.

எனக்கு மேக்கப்பில் கை நன்றாக வரும். குவார்ட்டர்ஸில் எந்த வீட்டுக் கல்யாணம் என்றாலும் பெண்ணுக்கு முகம் திருத்த என்னைத்தான் கூப்பிடுவார்கள். கருமை இவ்வளவு அடர்த்தியாக இருந்தால் நேராகக் கன்சீலர் என்கிற மறைப்புக் களிம்பைப் போடக் கூடாது, சாம்பல் பூத்த மாதிரி தெரியும். முதலில் ஆரஞ்சு நிற கரெக்டரை மெல்லிசாகத் தடவ வேண்டும். அதன் மேல் முக நிறத்திலேயே கன்சீலர். மோதிர விரலால் ஒத்தி ஒத்தி வைக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. கடைசியில் துளி பவுடர். எல்லாம் முறைப்படி செய்தேன்.

செய்துகொண்டிருக்கும்போதே நித்யா தூங்கிவிட்டாள். உட்கார்ந்தபடியே. தலை லேசாக என் உள்ளங்கையில் சாய்ந்துவிட்டது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டுமா இல்லையா? நான் என்ன நினைத்தேன் தெரியுமா... நல்லதாகப் போச்சு, கண்ணைச் சிமிட்ட மாட்டாள், வேலை சுத்தமாக முடியும் என்று நினைத்தேன்.

பத்து மணிக்கு ஜெகதா வந்தார். கையில் இரண்டு பை. பெண்ணை மேலும் கீழும் பார்த்தார். "மூஞ்சி நல்லாத்தான் கீது" என்று சொல்லிவிட்டு, குழந்தையை வாங்கிக்கொண்டார். எனக்குப் போன உயிர் வந்தது. சாயங்காலம் வரைக்கும் தாக்குப்பிடிக்கிற கன்சீலர், விலை கொடுத்து வாங்கினது சும்மா இல்லை என்று உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு.

பெருமை அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. ஜெகதா பையைத் திறந்து ஒரு பாட்டிலை எடுத்தார். மிளகும் பூண்டும் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய்.

வெள்ளிக்கிழமை! எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாள். பிள்ளை பெற்ற பெண்ணைப் பார்க்க அம்மா வெள்ளிக்கிழமை வந்தால் வேறு எதற்கு வருவாள்? கரெக்டர், கன்சீலர், பவுடர் என்று வரிசையாக யோசித்த எனக்குக் கிழமை மட்டும் மறந்து போயிருந்தது.

தடுத்துப் பார்த்தேன். கெய்சர் சரியில்லை என்றேன். அடுப்பில் வெந்நீர் வைத்துக்கொள்வதாகச் சொன்னார். அவளுக்கு ஆபீஸ் வேலை இருக்கிறது என்றேன். லீவு போட்டிருக்கிறேன் என்று நித்யாவே சொல்லிவிட்டாள். லேசாகச் சளி பிடித்த மாதிரி இருக்கிறது என்றேன். அதற்குத்தான் மிளகும் பூண்டும் என்றார்.

பின்பக்கம் துணி துவைக்கிற இடத்தில் மணை போட்டு நித்யாவை உட்காரவைத்தார். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சமையலறை வாசலில் நின்றேன். உச்சியில் எண்ணெய் வைத்தார். நெற்றி, காது, பிடரி என்று தேய்த்துக்கொண்டே வந்து, இரண்டு கட்டை விரலையும் பெண்ணின் கண்ணுக்குக் கீழே வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். ஒரு கண்ணோரம் வழிந்த எண்ணெயை முந்தானையால் ஒற்றினார்.

முந்தானையில் மாவு மாதிரி அப்பியிருந்தது. அதைப் பார்த்தார். பெண்ணின் முகத்தைப் பார்த்தார். ஒரு பக்கம் என் பூச்சு, ஒரு பக்கம் அவர் பெண்.

"இன்னாடி இது?" என்று மெதுவாகத்தான் கேட்டார்.

நித்யா தலையைத் தூக்கவில்லை. "நான்தாம்மா போட்டுகினேன். நீ வர்றியேன்னு... சும்மா."

நான் அங்கேதான் நிற்கிறேன். வாய் இருக்கிறது. வாராவாரம் ஒரு பக்கத்துக்குப் பேசுகிற வாய். 'இல்லை சம்பந்தி, நான்தான்' என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? சொல்லவில்லை. குழந்தையைத் தட்டிக்கொடுக்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இந்த ஐம்பத்தாறு வயதில் எத்தனையோ அசட்டுத்தனம் செய்திருக்கிறேன், ஆனால் இவ்வளவு கேவலமாக என்றைக்கும் நின்றதில்லை.

ஜெகதா இன்னும் கொஞ்சம் எண்ணெயைக் கையில் ஊற்றிக்கொண்டார். மற்ற பக்கத்தையும் துடைத்தார். சீயக்காய் போட்டு அலசி, சாம்பிராணி காட்டித் தலையைத் துவட்டி, மிளகு ரசத்தில் நாலு வாய் சோறு போட்டுப் பெண்ணைப் படுக்கவைத்தார். கதவைச் சாத்திவிட்டுக் குழந்தையோடு ஹாலில் உட்கார்ந்துகொண்டார். அன்றைக்கு நித்யா எழுந்தபோது மணி ஐந்து. நடுவில் ஒரு தடவை பால் குடிக்கக் குழந்தையை உள்ளே கொண்டுபோனோம். அதுகூட அவளுக்கு ஞாபகம் இல்லையாம்.

அந்த நாலு மணி நேரமும் ஜெகதா என்னிடம் சாதாரணமாகப் பேசினார். கேன்டீனில் வடை மாஸ்டர் வேலையை விட்டு நின்றது, நெமிலிச்சேரியில் சொந்தக்காரர் வீட்டுக் கிரகப்பிரவேசம் — இப்படி. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு சொல்லி, சண்டை போட்டு, மனசைத் தேற்றிக்கொண்டிருப்பேன். அதற்கும் வழியில்லை.

கடைசியில் என்னால் தாங்க முடியவில்லை. சமையலறைக்கு அவரைத் தனியாகக் கூப்பிட்டேன். "சம்பந்தி, அந்தக் கண்ணு... அவ போடல. நான்தான் போட்டுவிட்டேன்" என்றேன்.

"தெரியும் சம்பந்தி" என்றார். "எம் பொண்ணுக்கு கண்ணுல மைகூட நேரா வைக்க வராது. இவ்ளோ நீட்டா அவ எங்க போடப் போறா?"

பூமி பிளந்து உள்ளே போகலாம் என்று இருந்தது. தெரிந்தும் நாலு மணி நேரம் என் முகத்தைக் காப்பாற்றியிருக்கிறார். காலையிலிருந்து அவர் பெண் வேறு காப்பாற்றியிருக்கிறாள். அந்த வீட்டில் என் முகத்தைக் காப்பாற்ற நான் ஒருத்தி போதாதென்று இன்னும் இரண்டு பேர்.

அவரே தொடர்ந்தார். "எனுக்கு ஒரு போன் போட்டு, புள்ள தூங்கல, ஒத்தாசைக்கு வான்னு சொல்லிருந்தா ஓடியாந்திருப்பேன். மூடி மறைக்கிறதுக்கு இது இன்னா திருட்டு நகையா?" அதைக்கூடக் கோபமாகச் சொல்லவில்லை. "ஒரு மாசம் இட்டுகினு போறேன். தூங்கி எந்திரிச்சு வரட்டும். உங்களுக்கு ஒண்ணும் இல்லியே?"

எனக்கு என்ன இருக்கிறது? தலையை ஆட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை நித்யாவின் அண்ணன் கார் கொண்டுவந்தான். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றேன். என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தி, "அத்தை, அம்மாகிட்ட நான் ஒண்ணும் சொல்லல" என்றாள். தூக்கம் இல்லாமல் கண் காய்ந்துகிடந்த அந்த நேரத்திலும் அவளுக்கு என் கவலை.

"நான் சொல்லிட்டேன்மா. தப்பு என்னுதுதான். என்னை மன்னிச்சுடு" என்றேன். மருமகளிடம் மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எங்கள் பக்கம் இல்லை, எப்படிக் கேட்பது என்றும் தெரியவில்லை. என் கையை ஒரு தடவை அழுத்திவிட்டு, பெட்டியின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

மறுநாள் ஐந்தரைக்கு நான் எழுந்தேன். இட்லி ஊற்றி, சட்னி அரைத்து, டப்பா கட்டி முடிப்பதற்குள் இடுப்பு கழன்றுவிட்டது. இதை அந்தப் பெண் ராத்திரி முழுக்க விழித்துவிட்டுச் செய்திருக்கிறாள். கார்த்திக்கையும் எழுப்பினேன். குழந்தை வந்ததும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ராத்திரி முறை அவனுக்கு என்று சொல்லியிருக்கிறேன். மீட்டிங் இருக்கிறதே என்றான். அவளுக்கும் இருக்கிறது என்றேன். இவனை வளர்த்தவளும் நான்தானே... அந்தக் கதையை எடுத்தால் இந்தப் பக்கம் போதாது.

கருவளையம் ஒரு நோயின் அடையாளமாக இருக்கலாம், பரம்பரையாக இருக்கலாம். ரத்தச் சோகையா என்று பார்க்க ஜெகதா அவளை டாக்டரிடமும் காட்டிவிட்டார், மாத்திரை கொடுத்திருக்கிறார்களாம். நமக்குப் பிடித்தால் பூசிக்கொள்வதில் தப்பே இல்லை. ஆனால் ஒருத்தியின் கண்ணுக்குக் கீழே பூசும்போது, யாருடைய குற்றத்தை மறைக்கப் பூசுகிறோம் என்று ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும். எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை.

நான் பயந்த விஷயமும் நடந்தது. செவ்வாய்க்கிழமை பால் பூத் வரிசையில் நாலு பேர் முன்னால் சரோஜா கேட்டாள் — "என்னக்கா, மருமக அம்மா வீட்டுக்குப் போயிட்டாளாமே?"

"ஆமா சரோஜா. எங்க வீட்டுல அவளைத் தூங்கவிடல. அதான் தூங்கப் போயிருக்கா" என்றேன்.