செருகாத வேப்பிலை

மனைவி இறந்த மறு வருஷம் எனக்குக் கடலூருக்கு மாற்றலாயிற்று. திருப்பாப்புலியூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு கிடைத்தது. ஒரே ஓட்டுக் கூரையின் கீழ் ஆறு குடித்தனங்கள், நடுவில் பொது முற்றம், ஒரு கிணறு, காலையில் ஒரு மணி நேரம் தண்ணீர் வரும் முனிசிபல் குழாய். மூன்றாவது வீட்டில் தும்மினால் முதல் வீட்டில் கேட்கும். அத்தனை பேருக்கு நடுவிலும் நான் யாரோடும் ஒட்டாமல்தான் இருந்தேன். எனக்கு நாற்பத்தைந்து வயது, கூட ஒன்பது வயதுப் பெண். அவள் இரண்டு தடவை இருமினால் எனக்குத் தூக்கம் போய்விடும்.

எங்களுக்கென்று இருந்தது பக்கத்து வீட்டுப் பெண்மணி ஒருத்திதான். முஸ்லிம் குடும்பம். கணவர் பினாங்கில் ஒரு துணிக்கடையில் வேலையாக இருந்தார். வீட்டில் அவளும் ஒன்றரை வயதுப் பெண் குழந்தையும் மட்டும். அவளுக்கு முப்பது வயதுகூட இருக்காது. நாங்கள் குடிவந்த மறுநாள் என் பெண்ணின் தலையைப் பார்த்துவிட்டு, "யாருண்ணே பின்னி உட்டது? காக்காக் கூடு தேவலையே" என்று சிரித்தாள். அன்றிலிருந்து தினமும் காலையில் என் பெண் சீப்பையும் ரிப்பனையும் எடுத்துக்கொண்டு அவள் வாசலில் போய் உட்கார்ந்துவிடுவாள். மாலையில் பள்ளிவிட்டு வந்ததும் அந்தக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு முற்றத்தைச் சுற்றுவாள். நான் ஆபீஸிலிருந்து திரும்பும்வரை அவள் இருப்பு அந்த வீட்டில்தான். அந்த ஏற்பாடு இல்லாவிட்டால் நான் வேலைக்கே போயிருக்க முடியாது.

பங்குனிக் கடைசியில் ஒரு நாள் என் பெண்ணுக்கு உடம்பு சுட்டது. சட்டையைக் கழற்றிப் பார்த்தேன். முதுகில் நீர் கோத்து மூன்று கொப்புளங்கள். வேர்க்குரு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாள் வயிற்றில் பத்துப் பன்னிரண்டு இருந்தன. அப்போது தெரிந்துவிட்டது.

அம்மை கண்டால் வாசல் நிலையில் ஒரு கொத்து வேப்பிலை செருகிவிட வேண்டும். அந்தச் சந்தில் இந்து வீடு, முஸ்லிம் வீடு, கிறிஸ்தவர் வீடு எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான் பழக்கம். இலையைப் பார்த்தால் யாரும் உள்ளே வர மாட்டார்கள். தபால்காரர்கூடக் கடிதத்தைப் படியில் வைத்துவிட்டுக் குரல் கொடுப்பார். அம்மை இறங்கித் தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றி முடிக்கும்வரை அந்த வீடு தனி. கிணற்றடியிலேயே வேப்பமரம் இருந்தது. கையை நீட்டினால் எட்டும்.

நான் செருகவில்லை.

இந்த இலைகளைப் பற்றி ஆபீஸில் கேலி பேசியிருக்கிறேன். படித்தவன் செய்கிற காரியமா என்று கேட்டிருக்கிறேன். ஆனால் காரணம் அது இல்லை. இலையைச் செருகினால் பக்கத்து வீட்டு வாசல் என் பெண்ணுக்கு மூடிவிடும். என் லீவெல்லாம் மனைவியின் நோயிலேயே தீர்ந்துபோயிருந்தது. காய்ச்சலில் கிடக்கிற குழந்தையை வைத்துப் பூட்டிவிட்டா ஆபீஸுக்குப் போவது? அதைவிட, யாருமே எட்டிப் பார்க்காத வீட்டில் அவளும் நானும் மட்டும் அத்தனை நாள் இருப்பதை நினைக்கவே பயமாக இருந்தது. முகத்தில் ஒன்றும் போடவில்லை. அவளுக்கு முழுக்கைச் சட்டை போட்டுவிட்டு, யார் கேட்டாலும் வெறும் காய்ச்சல் என்று சொல்லச் சொன்னேன். சரியென்று தலையை ஆட்டினாள்.

கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரி ஒரு கையில் கஞ்சியும் இடுப்பில் குழந்தையுமாக வந்தாள். என் பெண்ணைக் குனிந்து பார்த்தாள்.

"அம்மை எதனா போட்டிருக்காண்ணே? மொகமே ஒரு மாதிரி கெடக்கு."

"வேர்க்குருதாம்மா. வெயில் ஜாஸ்தி."

நம்பிவிட்டாள். குழந்தையைப் பாயில் இறக்கிவிட்டுக் கஞ்சியை ஆற்றத் தொடங்கினாள். குழந்தை தத்தித் தத்திப் போய் என் பெண்ணின் போர்வைக்குள் புகுந்துகொண்டது. அதைப் பார்த்துக்கொண்டேதான் குடையை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குப் புறப்பட்டேன்.

காய்ச்சல் விடுகிறவரை தலை வார வேண்டாம் என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லியிருந்தேன். இரண்டு வாரம் கழித்து என் பெண் மறுபடி பள்ளிக்குக் கிளம்பினாள். சீப்போடு பக்கத்து வீட்டுக்குப் போனவள் உடனே திரும்பி வந்தாள்.

"அப்பா, அத்தை வூட்ல வேப்பில சொருவியிருக்காங்க."

வெளியே ஓடினேன். அவள் நிலைக்கு உள்பக்கம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். குழந்தை வாயைத் திறந்தபடி கிடந்தது. வாய்க்குள்ளும் கொப்புளங்கள். அழக்கூட அதனால் முடியவில்லை. அவள் என்னைப் பார்க்கவில்லை. என் பெண்ணைத்தான் பார்த்தாள். அந்தப் பக்கம் திரும்பி முடியை ஒதுக்கிக் காட்டச் சொன்னாள். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் பொருக்கு உதிர்ந்த இடங்கள் வெளுத்திருந்தன. நான் நின்ற இடத்திலிருந்தே அவை தெரிந்தன.

"ஒரு கொத்து சொருவியிருந்தா நான் புள்ளயத் தூக்கிக்கினு வந்திருக்க மாட்டனே, சார்" என்றாள்.

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுவரை அவள் என்னை அண்ணே என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள்.

மூன்றாம் நாள் குழந்தைக்கு வலிப்பு வந்தது. நான்தான் ஓடிப்போய்க் குதிரை வண்டி பிடித்து வந்தேன். அவள் கோடி வீட்டுப் பெரியவரைத் துணைக்கு ஏற்றிக்கொண்டு மஞ்சக்குப்பம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஆபீஸ் விட்டதும் தினமும் அங்கே போய் வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருப்பேன். வருகிற போகிற நர்சுகளிடம் விசாரிப்பேன். உள்ளே போகவில்லை. குழந்தை பிழைத்துக்கொண்டது. ஆனால் வலது கண்ணில் பூ விழுந்துவிட்டது. வளர வளரத் தெளியலாம், தெளியாமலும் போகலாம் என்று டாக்டர் சொன்னதாகப் பெரியவர் சொன்னார்.

மற்றக் குடித்தனங்களில் யாரும் என்னோடு சண்டைக்கு வரவில்லை. குழாயடியில் என் குடத்துக்கு இடம் விட்டார்கள். கேட்டதற்குப் பதில் சொன்னார்கள். அவ்வளவுதான். பக்கத்து வீட்டில் இலை எடுத்த பிறகு என் பெண் சீப்போடு போய் அவள் வாசலில் நின்றாள். அவள் பின்னிவிட்டாள், எப்போதும்போல இறுக்கி, இரட்டைப் பின்னலாக. ரிப்பனையும் கட்டி முடித்துவிட்டு, "நாளைலேர்ந்து அப்பாவப் பின்னச் சொல்லு கண்ணு" என்று அனுப்பினாள்.

நானே கேட்டு மாற்றல் வாங்கிக்கொண்டு சிதம்பரம் வந்தேன். கீழவீதிக்குப் பின்னால் வீடு. வாசலில் நாளெல்லாம் சைக்கிள் மணி, கோயிலுக்குப் போகிறவர்களின் பேச்சு. பாப்பாவின் கண் எப்படி இருக்கிறது என்று கேட்டு மூன்று கார்டு போட்டேன். பதில் இல்லை. பின்னல் எனக்கு ஒருவாறு கைவந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் அவிழ்ந்துவிடும்.

இந்த மாசி மாதம் என் பெண்ணுக்குத் தட்டம்மை கண்டது. டாக்டரிடம் போகுமுன் வேப்பிலையை ஒடித்து வந்து நிலையின் இரண்டு பக்கமும் செருகினேன். சம்பளமில்லாத லீவு எழுதிக் கொடுத்தேன். நாங்கள் இருவரும் உள்ளே இருந்தோம். நெருங்கி வருகிற செருப்புச் சத்தம் வாசலுக்கு வந்ததும் ஒரு கணம் நிற்கும், பிறகு எதிர் ஓரமாகப் போகும். முன்பு பயந்தது இந்தச் சத்தத்துக்குத்தான்.

மூன்றாம் தண்ணீர் ஊற்றி நாலைந்து நாள் ஆகியிருக்கும். எதிர் வீட்டு அம்மாள் தன் வாசலில் நின்றபடியே, "எலைய எடுத்துடலாமே சார், தண்ணிதான் ஊத்தியாச்சே" என்றாள்.

"இன்னும் ரெண்டு நாள் இருக்கட்டும்மா" என்றேன்.

அந்த இரண்டு நாளும் போய் ஒரு வாரமாகிவிட்டது. டாக்டரும் பள்ளிக்கு அனுப்பலாம் என்று சொல்லிவிட்டார். இலை காய்ந்து உதிரத் தொடங்கியிருக்கிறது. என் பெண் காலையிலிருந்து ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். எதிர் வீட்டுப் பெண் அவளோடு சோழி விளையாட வந்தாள். படிவரை வந்து, மிச்சமிருக்கிற நாலு இலையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.