என் படகுக்கு ஏன் மண்ணெண்ணெய் இல்லை?

மீனவர் சங்கத் தலைவரே, என் பிள்ளைகள் பட்டினி கிடப்பதற்கு நீங்கள்தான் காரணம்.

கணவர் போரில் காணாமல்போனார். எங்கள் கடற்கரை ஊரான பள்ளிமுனையில் மீள்குடியேறியபோது உதவியாகக் கிடைத்த படகில் நானே போய் நண்டு வலை போட வேண்டும் என்பதுதான் கடவுள் எனக்குத் தந்த ஆசை. பெண் ஏறிய படகு உருப்படாது என்று சொல்லி, அதைக் கடலில் தள்ள ஓர் ஆணும் வரவில்லை. மணலில் குந்தி அழுதேன். என்னோடு செபமாலை சொல்லும் பெண்கள் வந்தார்கள்.

“அழுதது காணும், எழும்பு பிள்ளை! நாங்கள் தள்ளுறம்,” என்றாள் றீற்றா.

“எனக்கு நீந்தத் தெரியாது. ஆண்டவரையும் உன்னையும் நம்பி நானும் ஏறுறன்,” என்றாள் மேரி.

படகு மிதந்தது. அது என் ஆசை மட்டுமல்ல, அவர்களின் ஆசையும்தான் என்று அன்றுதான் விளங்கியது.

படகு இயந்திரங்களுக்கு மண்ணெண்ணெய் பங்கிடும் சங்கம், மறுநாள் முதல் என் படகுக்கு மட்டும் தரவில்லை. ஏன் என்று, ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில், அந்தப் பெண்களின் முன்னால் சொல்லுங்கள்.