கொட்ட முடியாத பாதி மாவு

சுவர்க் கடிகாரத்தில் நாலு மணியாகப் போகிறது என்றால் அக்காவின் கை தானாக முதுகுப் பக்கம் போய் ஏப்ரன் முடிச்சைத் தேடும். ஓவனுக்குள் அவருடைய கேக் அரை வேக்காட்டில் நிற்கும். அதைப் பற்றிக் கவலையே கிடையாது. "கேக்கு போனா போவுது, நீ எடுத்து வச்சிருடி. வூட்ல சாப்பாடு போடணும், பசியோட இருக்கும்" என்று வேலையை என் தலையில் கட்டிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு மாடிப்படியில் தடதடவென்று இறங்கிவிடுவார். அப்புறம் மாஸ்டர் என்னைத்தான் முறைத்துக்கொண்டிருப்பார், ஏதோ நான்தான் அனுப்பிவைத்த மாதிரி.

வடலூரில் ஒரு துணிக்கடையின் மாடியில் நடந்தது எங்கள் பேக்கரி வகுப்பு. ஒரு வருஷப் படிப்பு. குள்ளஞ்சாவடியிலிருந்து நான், மற்றவர்கள் சுற்றுப்பட்ட ஊர்க்காரிகள். எல்லாரும் பிளஸ் டூ முடித்த கையோடு வந்தவர்கள். நெய்வேலி டவுன்ஷிப்பிலிருந்து வந்தது அக்கா ஒருவர்தான். எங்கள் அம்மாக்களின் வயது அவருக்கு. முதல் நாள் ஆன்ட்டி என்று கூப்பிட்டதற்கு, "நானும் ஒங்க கிளாஸ்தானடி, ஆன்ட்டியாம் ஆன்ட்டி!" என்று ஓர் அதட்டு போட்டார். அன்றிலிருந்து அக்காதான். படிப்பில் அக்கா சுத்த மோசம். ஸ்பஞ்ச் கேக் வைத்தால் நடுவில் குழி விழும். க்ரீமில் ரோஜாப் பூ போடச் சொன்னால் முட்டைக்கோஸ் வரும். ஊர் உலகத்துக்கெல்லாம் கரண்ட் அனுப்புகிற இடத்தின் காலடியில் உட்கார்ந்திருந்தும், கேக் வேகிற நேரம் பார்த்துக் கரண்ட் போகும். நாங்கள் அழாத குறையாக நிற்போம், அக்கா விழுந்து விழுந்து சிரிப்பார். ஆனால் மாவு புளிப்பது, பொங்குவது பற்றி மாஸ்டர் ஒரு வார்த்தை எடுத்தால் போதும், அந்தச் சிரிப்பு எங்கே போகுமோ தெரியாது. முன்வரிசைக்கு வந்து நின்று கண் இமைக்காமல் கேட்பார்.

வீட்டில் யார் பசியோடு இருப்பது என்று எங்களுக்குள் ஒரே ஆராய்ச்சி. படுக்கையில் கிடக்கும் மாமியார் என்றாள் ஒருத்தி. கறவை மாடு என்றாள் இன்னொருத்தி. குவார்ட்டர்ஸில் எங்கேடி மாடு கட்டுவார்கள் என்று அவள் வாயை நான் அடைத்தேன். நேரில் கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை. எப்போதும் ஓட்டைவாயான எனக்குக்கூட.

பலாப்பழக் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவே வீட்டுக்குக் கூப்பிட்டார். ஒரே அச்சில் வார்த்த மாதிரி வரிசையாக நிற்கும் குவார்ட்டர்ஸ் வீடுகளில் ஒன்று. பின்பக்கம் ஒரு முந்திரி மரம், கீழே பழம் உதிர்ந்து மிதிபட்டுக் கிடந்தது. நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கி எழுந்திருந்த அக்காவின் கணவர், எங்களுக்கு மாமா, சுரங்கத்தில் ஆபரேட்டர். அந்த வெயிலில் எங்களுக்குப் பானைத் தண்ணீர் மொண்டு கொடுத்தார். "என்ன மாமா, ஃப்ரிட்ஜ வச்சிக்கினு பானைத் தண்ணி குடுக்கறீங்க?" என்று கேட்டேன். "ஃப்ரிட்ஜுல எங்களுக்கு எடமில்லம்மா" என்றார் மாமா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அக்கா ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டினார். பால் இல்லை, காய் இல்லை. ஹார்லிக்ஸ் பாட்டில், ஊறுகாய் ஜாடி, காப்பித்தூள் டப்பா, எவர்சில்வர் தூக்கு என்று தட்டுத் தட்டாக அடைத்திருந்தது. ஒவ்வொன்றின் வாயிலும் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. உள்ளே நுரைத்த மாவு. அழுகத் தொடங்கும் முந்திரிப் பழத்தின் வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. "இதுங்களுக்குத்தான்டி சாப்பாடு" என்றார் அக்கா.

பிறகு அவரே சொன்னார். ஒரே மகள். கேக், பேஸ்ட்ரி படிப்பதற்கென்றே சென்னைக்குப் போனவள். லீவுக்கு வந்தபோது அந்த மரத்துப் பழத்தைப் பிழிந்து மைதாவில் கலந்து பாட்டிலில் ஊற்றி வைத்திருக்கிறாள். ஈஸ்ட் போடாமல் தானே புளித்துப் பொங்குகிற மாவு, பேக்கரியில் ஸ்டார்ட்டர் என்போம். அதிலிருந்து எடுத்துத்தான் ரொட்டி போடுவது. தினமும் கொஞ்சம் புது மாவும் தண்ணீரும் போட்டுவந்தால் அது பாட்டுக்கு உயிரோடு இருக்கும். "அம்மா, தெனம் பாதிய எடுத்துக் கொட்டிட்டு மாவு போடும்மா. நான் வந்து பாக்கறப்ப உசுரோட இருக்கணும்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். சென்னையில் காய்ச்சலில் படுத்தவள் பிறகு எழுந்திருக்கவில்லை. எல்லாச் சடங்கும் முடிந்து, வந்த சனமெல்லாம் கலைந்த பிறகு அக்கா சமையலறைக்குள் போயிருக்கிறார். மூலையில் அந்தப் பாட்டில் விளிம்பு தாண்டி வழிந்துகொண்டிருந்ததாம். "அவ போயிட்டா, இது பொங்கிக்கினு நிக்குதுடி" என்றார்.

மாவு போட முடிந்தது அக்காவால். பாதியைக் கொட்டத்தான் முடியவில்லை. "எந்தப் பாதில அவ கை இருக்குன்னு நான் கண்டேன்?" என்று என்னைக் கேட்டார். எடுத்த பாதியை இன்னொரு பாட்டிலில் ஊற்றி அதற்கும் சாப்பாடு போட்டார். அது நிறைந்ததும் இன்னொன்று. ஒருநாள் முதல் பாட்டிலின் மேல் கறுப்பாகத் தண்ணீர் நிற்கவே, செத்துவிட்டதோ என்று அலறியடித்துக்கொண்டு டவுன்ஷிப் பேக்கரிக்கு ஓடியிருக்கிறார். அங்கே யாரோ இந்த வகுப்பைச் சொல்லியிருக்கிறார்கள். கேக் செய்யக் கற்றுக்கொள்ள அக்கா வரவில்லை. அந்தப் பாட்டிலைச் சாகவிடாமல் வைத்துக்கொள்ள வந்தார்.

கூடத்தில் அந்தப் பெண்ணின் போட்டோ இருந்தது. மாலை இல்லை, பொட்டு இல்லை. யாரையும் போட விடவில்லையாம். கிளம்பும்போது மாமா கேட்வரைக்கும் வந்து, குரலைத் தாழ்த்தி, "நீங்க எதுவும் சொல்லிடாதீங்கம்மா. அதுக்குச் சாப்பாடு போடறதாலதான் இவளும் சாப்புடறா" என்றார். பஸ் ஏறிய பிறகும் என் துப்பட்டாவில் அந்த வாசனை ஒட்டிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பாண்டிச்சேரிக்குப் போவது எங்கள் வழக்கம். பெரிய பேக்கரிகளின் கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்று, ஒன்றையும் வாங்காமல், இந்த அடுக்கு எப்படி வந்தது, அந்தப் பளபளப்பு எதில் வந்தது என்று சண்டை போடுவோம். கடைக்காரர்கள் எங்களைத் திருட வந்தவர்களைப் பார்ப்பது மாதிரி பார்ப்பார்கள். அந்த ஞாயிறுக்குப் பிறகு அக்காவும் சேர்ந்துகொண்டார். மடியில் ஒயர் கூடை. அதற்குள் ஈரத்துணி சுற்றிய அந்த முதல் பாட்டில். கூடையை மேலே வைக்கச் சொன்ன கண்டக்டரை ஒரு பார்வை பார்த்தார், மனுஷன் மறுபேச்சுப் பேசாமல் போய்விட்டார். கடற்கரையில் பாட்டிலை வெளியே எடுத்துத் துணியை அவிழ்த்து, கடலைப் பார்த்த மாதிரி வைத்தார். "எம் பொண்ணுக்குக் கடல்னா உசுரு" என்றார். வெயில் பட்டதும் மாவில் குமிழிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பி வந்து உடைந்தன. "மூச்சு வுடுது பாருடி." சூட்டில் மாவு அப்படித்தான் பொங்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் உடம்பெல்லாம் புல்லரித்தது. பயமாக இருந்தது, அக்காவை நினைத்து அழுகையாகவும் வந்தது.

படிப்பு முடியப்போகிற சமயத்தில் மாஸ்டர் ஸ்டார்ட்டர் பாடத்தை எடுத்தார். அவருக்கு அக்காவின் கதை தெரியாது. எல்லாம் சொல்லி முடித்ததும் அக்கா கேட்டார்: "மொத நாளு போட்டது இப்பவும் அதுல இருக்குங்களா மாஸ்டர்?" மாஸ்டர் சிரித்தார். "எங்கம்மா இருக்கும்? பாதி கொட்டறதுல போயிடும், மீதியப் புளிப்பே தின்னுடும். கொஞ்ச நாள்ல எல்லாமே புதுசு. தெனம் எந்தக் கை மாவு போடுதோ, எந்த வீட்டுக் காத்து படுதோ, அதுதான் அதுக்குள்ள இருக்கும்." நாங்கள் அக்காவைத் திரும்பிப் பார்த்தோம். அக்கா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். தொட்டியில் கிடந்த எல்லார் பாத்திரங்களையும் தேய்த்துக் கழுவி வைத்தார். அன்று நாலு மணி அடித்தும் அவர் கிளம்பவில்லை. அதுதான் என்னை உலுக்கியது. மறுநாளிலிருந்து வகுப்புக்கும் வரவில்லை.

மாமாதான் போன் பண்ணினார், ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வாங்கம்மா என்று. போனபோது வீடே ரொட்டி வாசனை. எல்லாப் பாட்டில் மாவையும் ஒரே குண்டானில் கொட்டிப் பிசைந்து, சின்ன ஓவனில் காலையிலிருந்து அக்கா ரொட்டி போட்டுக்கொண்டிருந்தார். கொஞ்சமும் எடுத்துவைக்கவில்லை. எந்த பேக்கரிக்காரரும் அடுத்த நாளைக்கென்று ஒரு கை மாவு ஒதுக்காமல் இருக்கமாட்டார். அக்காவுக்கும் அது தெரியும். போட்டோவுக்கு முதல்முறையாக மாலை போட்டு, வாழையிலையில் ரொட்டியும் முந்திரிப் பழமும் வைத்துப் படைத்தார்கள். பிறகு எங்களுக்குக் கொடுத்தார். அப்படி ஒரு புளிப்பை நான் அதற்குப் பிறகு சாப்பிட்டதே இல்லை. காது வரைக்கும் கூசியது. "எப்டிடி இருக்கு?" என்று ஒவ்வொருத்தி முகத்தையும் பார்த்தார். நல்லா இருக்குக்கா என்று ஒருத்தி விடாமல் சொன்னோம். மாமா ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனவர் வெகுநேரம் திரும்பவில்லை. கழுவிய பாட்டில்கள் துவைக்கிற கல்லின்மேல் கவிழ்ந்து வெயிலில் காய்ந்தன. அப்பாடா, அக்கா தேறிவிட்டார் என்று நினைத்தேன். பல வருஷம் அப்படித்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது பாண்டிச்சேரியில் ஒரு பேக்கரியில் வேலை பார்க்கிறேன். காலையில் முதல் வேலை ஸ்டார்ட்டர் டப்பாவைத் திறந்து பாதியை எடுத்துக் குப்பையில் போடுவது. இத்தனை வருஷத்தில் ஒருநாளாவது அதை நிம்மதியாகச் செய்திருக்கிறேனா என்றால் இல்லை. பின்னால் யாரோ நின்று பார்க்கிற மாதிரியே இருக்கும். கூட வேலை பார்ப்பவர்கள் என்ன திரும்பித் திரும்பிப் பார்க்கிறாய் என்று கிண்டல் செய்வார்கள்.

மாமா ரிட்டயர் ஆனதும் இருவரும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து, கடலூர்ப் பக்கம் வீடு பார்த்துப் போய்விட்டார்கள். மரம் கிரம் எதுவும் இல்லாத மாடி வீடு. போன மாதம் அக்கா போன் பண்ணினார். நலம் விசாரித்து, என் கல்யாணப் பேச்சை எடுத்து, இன்னும் ஏன்டி இழுத்தடிக்கிற என்று திட்டி முடித்துவிட்டு, குரலை மாற்றிக்கொண்டு, "புதுசா ஒண்ணு போட்டு வச்சிருக்கேன்டி" என்றார். "வெறும் மைதா, தண்ணி. பழம் கெழம் ஒண்ணும் போடல. ஆனா அதே வாசன வருதுடி."

புளிக்கிற எந்த மாவிலும் ஒரு கட்டத்தில் பழ வாசனை வரும். அது என் தொழில், எனக்குத் தெரியாதா? சொல்ல வாயைத் திறந்தேன்.

"எல்லா மாவுக்கும் வரும்னு சொல்லப் போற, அதானே? எனக்கும் தெரியும்டி. நானும் படிச்சவதான். இப்பல்லாம் பாதியக் கொட்டிட்டுத்தான் போடறேன்" என்றார். பிறகு, "நான் வந்து பாக்கறப்ப உசுரோட இருக்கணும்னுதானடி சொல்லிட்டுப் போனா? வர்றவ, இது நான் போட்டதா, நீ போட்டதான்னா கேக்கப் போறா?" என்றார்.

கேக்க மாட்டாக்கா, என்றேன்.