துப்பாமல் குடித்த கஷாயம்

வேலியோரம் நடக்கும்போது பாவாடையில் உரசினாலே போதும், சாம்பல் பூத்த அந்த இலையின் காட்டமான வாடை அன்று முழுவதும் துணியை விட்டுப் போகாது. மல்லசமுத்திரத்துப் பக்கம் எங்கள் ஊரில் அதைப் “பேமெரட்டி” என்பார்கள். பேய்மிரட்டி என்று புத்தகத்தில் படித்ததெல்லாம் பின்னால்தான். பச்சை இலையையே திரியாக முறுக்கி எண்ணெயில் நனைத்து ஏற்றினால் விளக்கு நின்று எரியும்! பேய் ஓடியதோ என்னவோ, ஐப்பசி மழைக்குப் பின் வீடு வீடாக நுழைந்த குளிர்காய்ச்சலுக்கு எங்களிடம் இருந்த மருந்து அது ஒன்றுதான்.

மிளகு தட்டிப் போட்டுச் சுண்டக் காய்ச்சிய அந்தக் கஷாயம் நாக்கில் பட்டால் காது வரை கசக்கும். நாலு வயதுத் தம்பி முத்துவுக்கு அதைப் புகட்டுவது பெரிய சண்டை, அம்மா மடியில் கிடத்திக்கொள்ள, நான் காலைப் பிடித்துக்கொள்ள, அவனோ வாயிலிருந்த அத்தனையையும் அம்மாவின் முகத்தில் துப்பிவிட்டு, “உன்ர வாயில ஊத்திக்க, பேயே!” என்று கத்துவான். அம்மா முந்தானையால் துடைத்துக்கொண்டு சிரிப்பாள். “வையட்டும் சாமி. கசக்குதுன்னு வையற புள்ளைய காச்ச கொண்டுட்டுப் போவாது.” எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் சொல்வதுதான்.

அந்த வருஷம் காய்ச்சல் விட்டுவிட்டு வந்து அவனை உருக்கிவிட்டது. ஒரு நாள் காலையில் நான் கால்களைப் பிடித்தபோது அவன் உதறவே இல்லை. பாலாடைச் சங்கால் புகட்டியது அப்படியே உள்ளே இறங்கியது, முகம்கூடச் சுளிக்கவில்லை. எனக்கு ஒரே குதூகலம். ஏர் பூட்டக் கிளம்பிய அப்பாவிடம் ஓடி, “அப்பா, முத்து துப்பாம குடிச்சுட்டானுங்க!” என்று கூவினேன். அப்பா தோளிலிருந்த கலப்பையை இறக்கி வைத்துவிட்டார். உள்ளே அம்மா, “ஒருக்கா துப்பு சாமி, என்ர மூஞ்சில துப்பு, என்னைய வையி சாமி” என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது. அவன் தலைமாட்டில் எரிந்ததும் அந்த இலைத் திரிதான்.

இப்போது வேலி போய்க் கல்சுவர் வந்துவிட்டது, செடியும் இல்லை. காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரை கிடைக்கிறது. சேலத்தில் படிக்கும் நான் போன மாதம் காய்ச்சலோடு ஊருக்குப் போனேன். அம்மா என் நாக்கில் மாத்திரையை வைத்தாள். தண்ணீர்ச் சொம்பைக் கொடுக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “தூ, கசக்குதும்மா!” என்று நான் கத்திய பிறகுதான் கொடுத்தாள்.