தானாகக் கரையும் நூல்

பள்ளியில் தமிழ் டீச்சர் ஒருமுறை, பழைய தமிழில் தையல் என்றால் பெண் என்று பொருள் சொன்னார். வகுப்பே சிரித்தது. எங்கள் குடியாத்தம் பக்கத்தில் விடிந்தால் பாதிப் பெண்கள் ஆம்பூர் ஷூ கம்பெனி வேனில் ஏறிவிடுவார்கள், அதிலும் முக்கால்வாசிப் பேருக்குத் தையல் செக்ஷன்தான். அந்தக் காலத்துக்காரர்கள் தெரிந்துதான் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று, பின்னால் நானும் அந்த வேனில் ஏறியபோது நினைத்துக்கொண்டேன்.

இன்றைக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே அலுப்பாக வருகிறது. வருஷக்கணக்காக ஒரே மெஷின், ஒரே நாற்காலி. ஷூவின் மேல்பாகத் தோலை அப்பர் என்போம். அது ஒவ்வொன்றாக என் முன்னால் வந்து விழும். ஓரம் பிசகாமல் தைத்துத் தள்ள வேண்டும். துணியில் கோணல் போனால் பிரித்துவிட்டுத் திரும்பத் தைக்கலாம். தோலில் அந்தப் பேச்சே கிடையாது. ஊசி இறங்கிய இடம் ஓட்டைதான், நூலைப் பிரித்தால் அது பல்லைக் காட்டும். அதனால் எங்கள் லைனில் 'பிரி' என்பது கெட்ட வார்த்தை. சூப்பர்வைசர் அந்தச் சொல்லோடு நம் பக்கம் வந்தால் அன்றைய பொழுது போச்சு.

வீட்டில் வேறு பாஷை. என் கணவர் பவர்லூமில் லுங்கி ஓட்டுகிறவர். அவருக்குத் தையல் என்ற சொல்லே தேவையில்லை. லுங்கியின் இரண்டு முனையையும் சேர்ப்பதை அவர்கள் மூட்டுவது என்பார்கள். கல்யாணமான புதிதில் என் வேலையை அவருடைய சினேகிதர்களிடம், "அதுவா, ஷூ மூட்றா" என்று சொல்லி வைத்திருந்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆலங்காயத்துப் பக்கம் என் அம்மா வீட்டில் தையல் என்றால் இலைதான். ஈர்க்குச்சியால் இலைகளைக் கோத்து, ஊர்க்கதை எல்லாம் பேசி முடிக்கும்போது பக்கத்தில் சாப்பாட்டு இலை ஓர் அடுக்கு சேர்ந்திருக்கும். எனக்குத் தெரிந்து அந்த ஒரு தையலில்தான் யாரும் திட்டு வாங்கியதில்லை.

போன வருஷம் கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்றார்கள். வேலூரில் ஆப்பரேஷன். கண் விழித்ததும் நான் நர்ஸிடம் கேட்ட முதல் கேள்வி, தையலை என்றைக்குப் பிரிப்பார்கள் என்பதுதான். இருபது வருஷத்துப் பயம் அவ்வளவு சீக்கிரம் போகுமா. நர்ஸ் சிரித்துவிட்டு, "மேல போட்டத மட்டும் பிரிப்போம்மா. உள்ள போட்ட நூல் தானாவே கரைஞ்சிடும்" என்றாள். வேலை முடிந்ததும் தானாகவே போய்விடுகிற நூல். அப்படி ஒன்று உலகத்தில் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அதன் மேல் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

மூன்று மாதம் கனம் தூக்கக் கூடாது, மெஷின் பெடலை மிதிக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். மேல் தையலைப் பிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். மூன்று மாதத்தில் பாதிகூட ஓடியிருக்காது, கம்பெனியிலிருந்து போன். ஆர்டர் ஜாஸ்தியாக இருக்கிறதாம், உட்கார்ந்து செய்கிற வேலைதானே, முடிந்தால் வரச் சொன்னார்கள். முடிந்தால் என்ற சொல்லை அவர்கள் எப்படிச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும்.

எனக்குப் போக இஷ்டமில்லை. உடம்பு இன்னும் என்னுடையதாகவே ஆகவில்லை. இருமினால் வயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஆனால் போகமாட்டேன் என்று நானாகச் சொல்ல வாய் வரவில்லை. வேறு யாராவது சொல்ல வேண்டும். 'போகாதே, இன்னும் கொஞ்ச நாள் இரு' என்று இந்த வீட்டில் ஒரு ஜீவன் சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அந்த நாட்களெல்லாம் காத்துக் கிடந்தேன்.

காத்துக் கிடந்தேன் என்றால் சும்மா இல்லை. ஆழம் பார்த்தேன். சாப்பிடும்போது கணவரிடம், கம்பெனியில் கூப்பிடுகிறார்கள், என்ன செய்யலாம் என்றேன். "உன் இஷ்டம்" என்றார். மறுநாள், வேன் இப்போதெல்லாம் எத்தனை மணிக்கு வருகிறது என்று கேட்டேன். மெனக்கெட்டு டிரைவருக்குப் போன் போட்டு விசாரித்துச் சொன்னார். காலேஜில் படிக்கும் மகளிடம் போனால், வீட்டிலேயே இருந்தால் உனக்குப் போரடிக்கும் அம்மா, போய்விட்டு வா என்றாள். போதாக்குறைக்கு, சும்மா இருக்க முடியாமல் ஒருநாள் வீட்டுக் கை மெஷினில் அவளுடைய ஜாக்கெட்டுக்கு உள்ளே பிடித்த துணியைப் பிரித்துவிட்டுத் தைத்துக் கொடுத்தேன். அதைப் பார்த்துவிட்டு இரண்டு பேரும், அம்மாவுக்குக் கை பரபரக்கிறது என்று முடிவே கட்டிவிட்டார்கள். வேலியில் போகிற ஓணானை எடுத்து நானே மடியில் விட்டுக்கொண்டேன்.

பக்கத்து மெஷின்காரி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா இனிப்பு வாங்கிக்கொண்டு பார்க்க வந்தாள். என் வேலையும் சேர்ந்து அவள் தலையில்தான் விழுந்திருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது. கரைகிற நூலைப் பற்றிச் சொன்னேன். நம்ம கம்பெனிக்கு அந்த நூல் வந்தால், கப்பல் போய்ச் சேருவதற்குள் ஷூ எல்லாம் தனித்தனியாகக் கழன்றுவிடும் என்றாள். சிரித்தால் வயிறு வலிக்கும் என்று கெஞ்சி அவளை நிறுத்தினேன். கிளம்பும்போது வாசலில் நின்று, "பேஜாராத்தான் இருக்குதுக்கா. ஆனா நீ இப்ப வராத" என்றாள். நான் வந்தால் யாருக்கு லாபமோ அவளே சொல்லிவிட்டுப் போகிறாள். உள்ளே ஈஸி சேரில் இருந்தவருக்கு அது காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது.

கடைசியில் திங்கட்கிழமை வருகிறேன் என்று கம்பெனிக்குச் சொல்லியும் விட்டேன்.

திங்கட்கிழமை காலையில் எழுந்தால் சமையலறையில் சத்தம். அவர் எலுமிச்சை சாதம் கிளறிக்கொண்டிருந்தார். அந்த மனிதர் அடுப்படிக்கு வந்து நான் பார்த்ததில்லை. மஞ்சள் தூக்கலாக, சாதம் குழைந்து, ஆனால் டிபன் பாக்ஸில் அழகாக அமுக்கிக் கட்டியாகிவிட்டது. என்னைத் தூக்க விடாமல் பையை அவரே எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார். தெருமுனையில் வேன் ஹாரன் அடித்தது. செருப்பை மாட்டக் குனிந்தேன். வயிற்றுக்குள், எந்த நூல் எங்கே கரையாமல் இருந்ததோ, ஓர் இழுப்பு இழுத்தது.

"நான் போகல" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பையை அங்கேயே வைத்துவிட்டு நடந்து போய் டிரைவரிடம் ஏதோ சொன்னார். வேன் போய்விட்டது. திரும்பி வந்து டிபன் பாக்ஸைத் திறந்து, ஆளுக்கொரு தட்டில் போட்டார். அந்த நேரத்தில் எலுமிச்சை சாதம் யாருக்கு இறங்கும். இருந்தாலும் சாப்பிட்டோம். அப்புறம் மெதுவாகக் கேட்டார், "அப்ப அன்னிக்கு வேன் டைம் இன்னாத்துக்குக் கேட்ட?"

"நீங்க போகாதன்னு சொல்றீங்களான்னு பாக்கத்தான்."

கையில் எடுத்த சாதம் கையிலேயே இருந்தது. "நான் சொன்னா நீ கேட்டிருப்பியா?" என்றார்.

நியாயமான கேள்விதான். யோசித்துப் பார்த்தேன்.

"கேட்டிருக்க மாட்டேன். ஆனாலும் சொல்லியிருக்கலாம்ல" என்றேன்.

அவர் தட்டைக் கழுவி வைத்துவிட்டுத் தறிக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் தெருமுனையில் வேன் ஹாரன் கேட்டது. பாத்ரூமுக்குள் தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றது. "இன்னிக்கும் போகாத" என்று அங்கிருந்தே குரல் வந்தது. நான் எங்கே போகிறேன், போர்த்திக்கொண்டு படுத்துத்தான் கிடந்தேன். இருந்தாலும் கேட்க நன்றாக இருந்தது.