புக் ஆகாத செட்

தேர்தல் சமயத்தில் மைக் செட் கடையில் ஒரு ஹார்ன்கூட மிச்சம் இருக்காது. ஆனால் தொண்ணூறுகளின் கடைசியில் நடந்த ஒரு ஜில்லா பரிஷத், அதாவது மாவட்டப் பஞ்சாயத்துத் தேர்தலில், பிரசாரம் முடிய நான்கு நாள் இருக்கும்போது, என் கடையில் பதினோரு செட்டும் அடுக்கியபடி கிடந்தன. வாடகைக்கு ஆள் வராமல் இல்லை. எல்லாம் புக் ஆகியிருந்தன, அதனால்தான் கிடந்தன. தொழிலுக்குப் புதிதாக வந்தவர்கள் இது எப்படி என்று கேட்பார்கள். சொல்கிறேன். பெருமையாகச் சொல்லிக்கொள்ள இதில் எனக்கு ஒன்றுமில்லை.

1. மைக் டெஸ்டிங்

கோவில்பட்டியிலிருந்து புனே வந்து, சில வருஷம் ஒருவரிடம் வேலை பார்த்துவிட்டு, கேம்ப் என்கிற பகுதியில் ஒரு சந்தில் சொந்தமாகக் கடை போட்டேன். குடும்பத்தை அழைத்து வரவில்லை. கடைக்குப் பின்னால் ஓர் அறை, ஒரு ஸ்டவ், அவ்வளவுதான். கேம்பில் தமிழர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் மைதானம் மைதானமாக ஒயர் இழுத்துக்கொண்டு திரிகிறவனுக்கு யார் வீட்டுக்குப் போக நேரம்? நாள் முழுக்கப் பிறர் பேச்சு காதில் விழும். என்னோடு பேச ஆள் இருக்காது. மைக்காரனை யாரும் பார்ப்பதில்லை. மைக் ஊளையிட்டால் மட்டும் ஆயிரம் பேரும் சேர்ந்து திரும்பிப் பார்ப்பார்கள்.

குசும் தாயியை ஒரு பால் சொசைட்டிக் கூட்டத்தில்தான் முதலில் பார்த்தேன். மராத்தியில் தாயி என்றால் அக்கா. நகரத்துக்கு மேற்கே, அணையை ஒட்டிய கிராமங்களில் பால் சொசைட்டியை நடத்தியவர் அவர். அந்த அணைத் தண்ணீரைக் குழாய் போட்டுத் தன் புது ஆலைக்குக் கொண்டுபோக ஒரு பெரிய முதலாளி ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். தண்ணீர் போனால் தீவனம் போகும், தீவனம் போனால் மாடு போகும் என்று தாயி ஊர் ஊராகப் பேசினார்.

சத்தத்தின் லெவல் பார்க்க ஏதாவது பேசுங்கள் என்றால் தலைவர்கள் ஒன், டூ, த்ரீ என்பார்கள். தாயி மைக்கைப் பிடித்து, மைதானம் முழுக்கக் கேட்கும்படி என்னைப் பார்த்து, "அண்ணா, ஜேவலாத் கா?" என்றார். சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். கூட்டம் சிரித்தது. நான் ஆச்சு என்று தலையாட்டினேன். பொய் என்று எப்படிக் கண்டுபிடித்தாரோ, கூட்டம் முடிந்ததும் சோள ரொட்டியும் வெங்காயமும் ஒரு தட்டில் வந்தன. அதற்குப் பிறகு எந்தக் கூட்டமானாலும் அவருடைய மைக் டெஸ்டிங் அதுதான். புனேயில் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட ஒரே ஆள் அவர்.

2. சிவப்பு விளக்கு

அந்தத் தேர்தலில் தாயி நின்றார். எதிரே முதலாளியின் ஆள். ஒரு நாள் காலையில் முதலாளியின் மேனேஜர் கடைக்கு வந்தார். மரியாதையான மனிதர், நாற்காலியைத் துடைக்காமலே உட்கார்ந்தார். பத்து நாளைக்கு என் பதினோரு செட்டும் வேண்டும் என்றார். ஆலை வந்தால் வருஷம் முழுக்க ஃபங்ஷன் உண்டு, எல்லாம் உங்களுக்குத்தான் என்றும் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. எல்லா ஹார்ன் யூனிட்டையும் கழற்றிப் பார்த்தேன், பேட்டரிகளைச் சார்ஜ் போட்டேன்.

மறுநாள் வண்டி வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. போன் செய்தேன்.

"வண்டி எதுக்குங்க? உங்க கடையிலேயே இருக்கட்டும். வெளிய போகாம பாத்துக்கிட்டா போதும்" என்றார்.

அப்போதுதான் புரிந்தது. தெரிந்த மற்ற கடைகளில் விசாரித்தேன். அங்கேயும் இதே கதைதான்.

இரண்டு நாள் கழித்துத் தாயி வந்தார். பஸ்ஸில் வந்த தூசி முகத்தில் அப்படியே இருந்தது. ஏழெட்டுக் கடை ஏறி இறங்கிவிட்டதாகச் சொன்னார். கடைசி நாள் கூட்டத்துக்கு அத்தனை கிராமமும் வருகிறது, ஒரே ஒரு செட் போதும் என்றார். எல்லாம் புக் ஆகிவிட்டது என்றேன். என் தோளுக்குப் பின்னால் அடுக்கியிருந்ததைப் பார்த்தார். பிறகு மேசையைக் காட்டினார். அங்கே ஒரு பழைய ஆம்ப்ளிஃபயர் இருந்தது. அது பதினோரு செட்டில் சேராதது. அன்று காலைதான் சரி செய்திருந்தேன்.

"அதுவும் புக்கா அண்ணா?"

"ரிப்பேர், தாயி" என்றேன்.

அதன் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் அந்த விளக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சரி. உங்களுக்கும் பொழப்பு இருக்குல்ல" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். திட்டியிருந்தால் தேவலை.

3. கடைசி வரிசை

கடைசி நாள் மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறினேன். எதற்குப் போனேன் என்று இன்றைக்கும் தெரியாது. நான் போனபோது கூட்டம் தொடங்கியிருந்தது. அவ்வளவு கூட்டத்தை நான் மைக் போட்ட எந்த மைதானத்திலும் பார்த்ததில்லை. தாயி ஒரு மாட்டுவண்டி மேல் நின்று பேசினார். பத்து வரிசைக்கு ஓர் ஆள் எழுந்து நின்று, அவர் சொன்ன வாக்கியத்தைப் பின்பக்கம் திரும்பி உரக்கச் சொன்னார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். பேச்சு அப்படிக் கைமாறிக் கைமாறி வந்தது. ஒரு வாக்கியம் கடைசி வரிசைக்குப் போய்ச் சேரும்வரை தாயி அடுத்ததைச் சொல்லாமல் காத்து நின்றார். குரல் ஏற்கெனவே கட்டியிருந்தது.

நான் கடைசியில் நின்றேன். எனக்கு முன்னால் தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவர் திரும்பி, என் முகத்துக்கு நேராகச் சொன்னார்:

"மாட்டுக்கு ஓட்டு இல்ல. அதுக்கும் சேத்து நாமதான் போடணும். பின்னால சொல்லு."

எனக்குப் பின்னால் அறுத்துப்போட்ட வயல்தான் இருந்தது. நான் வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. அவர் அடுத்த வாக்கியத்துக்குத் திரும்பிக்கொண்டார். ஊருக்கெல்லாம் சத்தம் வாடகைக்கு விட்டவன் ஒரு வாக்கியத்தைச் சொல்ல முடியாமல் நின்றேன். அவமானமாக இருந்தது. தாயி பேசி முடிப்பதற்குள் பஸ் ஏறிவிட்டேன்.

தாயி தோற்றார். ஒரு மைக் இருந்திருந்தால் ஜெயித்திருப்பாரா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. குழாய் வந்தது, ஆலை வந்தது. மேனேஜர் வாக்குத் தவறாதவர். திறப்பு விழாவுக்கு நான்தான் மைக் போட்டேன். முதலாளி ஒன், டூ, த்ரீ என்றார்.

4. சனிக்கிழமை

நாலைந்து வருஷம் கழித்துத் தாயியைக் கேம்ப் பஜாரில் பார்த்தேன். அவரே நின்று பேசினார். பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்டார், சொன்னேன். மாட்டை விற்றுவிட்டதாகச் சொன்னார். முகத்தில் கோபம் எதுவும் இல்லை. மத்தியானச் சாப்பாட்டு வேளை அது. நான் காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று போய்விட்டார்.

தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். யார் வந்து எத்தனை கேட்டாலும் ஒரு செட்டை மட்டும் புக் செய்யாமல் வையுங்கள். வேறெங்கும் கிடைக்காமல் வருகிறவருக்கு அது இருக்கட்டும். என் கடையில் அந்தப் பழைய ஆம்ப்ளிஃபயரையும் இரண்டு ஹார்னையும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். சும்மா கிடந்தால் கெட்டுவிடும் என்று சனிக்கிழமைதோறும் போட்டுப் பார்ப்பேன். சிவப்பு விளக்கு வந்ததும் மைக்கை எடுத்து, "ஜேவலாத் கா?" என்பேன். சத்தம் இன்னும் தெளிவாகத்தான் வருகிறது. ஆச்சு என்று தலையாட்டிவிட்டு அணைத்து வைக்கிறேன்.