தலைகீழ் ஸ்டூலில் தொங்கிய மைக்

அப்பாவின் குரல்வளையை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்ன வாரத்தில் நான் ஆன்லைனில் ஒரு மைக் வாங்கினேன். உள்ளங்கையில் அடங்கும், தூக்கினால் கனமே தெரியாது. ஆபரேஷனுக்குப் பிறகு அவரால் பேச முடியாது. அன்றாடம் பேசுகிற வாக்கியங்களை முன்கூட்டியே பதிவுசெய்து போனில் வைத்துக்கொண்டால், பிறகு திரையில் தொட்டதும் அவர் குரலிலேயே கேட்கும் என்று மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி தரும் பெண் சொல்லியிருந்தார். சனிக்கிழமை அட்மிட் ஆக வேண்டும். மைக் வந்து சேர்ந்ததே புதன்கிழமை மாலைதான்.

மண்ணூர்பேட்டையில் எங்கள் வீட்டுப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் தகடு அடிக்கிற பிரஸ் பட்டறை. ஞாயிற்றுக்கிழமை தவிர தினமும் விடிந்ததிலிருந்து ஓடும். பழகிப்போனதால் அந்தச் சத்தம் எங்களுக்கு உறைப்பதே இல்லை.

வியாழக்கிழமை காலை சாப்பாட்டு மேசையில் மைக்கை அதன் சின்ன ஸ்டாண்டில் நிறுத்தி, அப்பாவை அதன்முன் உட்காரவைத்தேன். அவர் குரல் ஏற்கனவே கம்மிப்போயிருந்தது. விடிந்ததும் வெந்நீர் குடித்தால் கொஞ்ச நேரம் தெளியும். பத்து மணிக்கு மேல் வெறும் காற்றுதான் வரும். "தண்ணி குடு" என்றார். போட்டுக் கேட்டேன். மெல்லிய குரல் என்பதால் பதிவின் ஒலி அளவை ஏற்றிவைத்திருந்தேன். அதில் அப்பாவைவிட பிரஸ்தான் உரக்கக் கேட்டது. 'தண்ணி' மேல் ஒரு தொம், 'குடு' மேல் ஒரு தொம்.

"இன்னொரு வாட்டி சொல்லு நைனா."

சொன்னார். மறுபடியும் அதேதான். நாலைந்து முறைக்குப் பிறகு மேசையைத் தட்டிவிட்டு எழுந்தார். "எத்தினி வாட்டி சொல்றது? நான் இன்னா ரயில்வே ஸ்டேஷன் அனௌன்ஸரா?"

"கத்தாதய்யா," என்றாள் அம்மா. "கீற கொரலும் பூடப் போவுது."

அப்பா முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

நான் பட்டறைக்குப் போனேன். முதலாளி அப்பாவுக்குப் பழக்கமானவர்தான். விஷயத்தைச் சொன்னதும் கையிலிருந்த தகட்டைக் கீழே வைத்தார்.

"நாளைக்கு லோடு ஏறணும்மா. மெஷின நிறுத்த முடியாது. பதினோரு மணி டீக்கு ஒரு கா மணி நேரம் சும்மாதான் கீது. அப்ப வச்சிக்கிறியா?"

"அதுக்குள்ள அவருக்குக் கொரல் பூடும்ணா."

அவர் கீழே வைத்த தகட்டை மறுபடியும் எடுத்துக்கொண்டார். அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

ஜன்னலையெல்லாம் மூடினேன். சுவர் நெடுகப் போர்வை தொங்கவிட்டேன். ஒன்றும் மாறவில்லை. அலுத்துப்போய் மேசையில் கையை ஊன்றியபோது விரல்களில் அந்த அதிர்வு தெரிந்தது. சத்தம் காற்றில் வரவில்லை. சுவரிலிருந்து தரைக்கு, தரையிலிருந்து மேசைக்காலுக்கு, அங்கிருந்து ஸ்டாண்டு வழியாக நேரே மைக்குக்குள் ஏறிக்கொண்டிருந்தது.

பழைய மெத்தையிலிருந்து ஸ்பாஞ்சை வெட்டி ஸ்டாண்டுக்கு அடியில் வைத்தேன். பெரிதாக நம்பினேன். ஒரு வித்தியாசமும் இல்லை. குனிந்து பார்த்தேன். ஸ்பாஞ்ச் நகக்கண் அளவுகூட அமுங்கவில்லை. அந்த இறகுக் கனத்துக்கு அது பலகை மாதிரி விறைப்பாகவே இருந்தது. மேசை அசைந்தால் அதுவும் அசையும், மேலே இருக்கிற மைக்கும் அசையும். அமுக்குவதற்குக் கனம் வேண்டும்.

சமையல் மேடை போட்டபோது மிஞ்சிய கிரானைட் துண்டு ஒன்று மாடிப்படிக்கு அடியில் கிடந்தது. அதைத் தூக்கிவந்து ஸ்பாஞ்சின் மேல் வைத்தேன். இப்போது நன்றாக அமுங்கியது. விரலால் தள்ளினால் கல் மெதுவாக ஆடி நின்றது. அதன்மேல் மைக்கை வைத்துப் பதிவுசெய்தேன். தொம் பாதியாகக் குறைந்தது. ஆனால் போகவில்லை.

பிற்பகல் ஆகிவிட்டது. மறுநாள் காலை ஒன்றுதான் மிச்சம். பிளாஸ்டிக் ஸ்டூலைக் கவிழ்த்துக் கல்லின்மேல் வைத்தேன். அம்மாவின் தையல் டப்பாவிலிருந்து எலாஸ்டிக்கை எடுத்து, நான்கு கால்களுக்கும் குறுக்கே கட்டி, நடுவில் மைக்கை மாட்டினேன். முதலில் இழுத்து இறுக்கிக் கட்டிவிட்டேன். ஒரு பயனும் இல்லை. தளர்த்தத் தளர்த்தச் சத்தம் குறைந்துகொண்டே போனது. கடைசியில் மைக் தொய்ந்து தானாக ஊசலாடியது. பிறகும் ஒரு முனகல் மிச்சம் இருந்தது. அது வயர். விறைப்பாக நின்ற வயர் வழியாகவும் அதிர்வு வந்துகொண்டிருந்தது. அதையும் ஒரு சுற்று தளரவிட்டேன். அப்பாவின் அளவுக்குக் குரலைத் தாழ்த்திப் பேசிப் பார்த்தேன். பிரஸ் எங்கோ நாலு தெரு தள்ளி ஓடுவதுபோல் கேட்டது.

கதவருகில் நின்றிருந்த அப்பா, "இன்னாது இது? மைக்குக்குத் தூளி கட்டிக் கீற?" என்றார். காற்றாகத்தான் வந்தது. சிரித்தார் என்று நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை குரலே வரவில்லை. இருமல்தான் வந்தது. அம்மா ஒரு டம்ளர் வெந்நீர் கொடுத்தாள், இன்னொன்றும் கொடுத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் ஓடத் தொடங்கியது. "வுடும்மா, வராது" என்று அவர் வாயசைத்தார். நான் நகரவில்லை. அம்மா அவர் எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"என்னப் பாத்துச் சொல்லு," என்றாள்.

மெல்ல வந்தது. கரகரப்பாக, உடைந்து. ஆனால் அவருடைய குரல். தண்ணி குடு, ஃபேனைக் கொறை, வலிக்குது, கதவைச் சாத்து. ஹெட்போனில் எல்லாம் தெளிவாகக் கேட்டன. நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். நான் கேட்காததையும் அம்மாவைப் பார்த்துச் சொன்னார். கோபத்தில் சொல்வது, கிண்டலில் சொல்வது, டீக்கு அழைப்பது. ஒரு வாக்கியத்தின் நடுவே குரல் நின்றது. காத்திருந்தோம். திரும்பி வரவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கழுத்தில் துளையோடு வீடு திரும்பிய அப்பா பல வாரங்கள் அந்தப் போனைத் தொடவே இல்லை. சிலேட்டில் எழுதிக் காட்டினார். எழுத்தைப் படிக்க அம்மா திணறினால் சிலேட்டைத் தூக்கிப் போட்டார். நானும் வற்புறுத்தவில்லை.

ஒருநாள் வெயிலில் கடைக்குப் போய்வந்ததற்காக அம்மா அவரைத் திட்டிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்து அறையில் இருந்தேன். திடீரென்று, "செரி, வுடு" என்றது அப்பாவின் குரல்.

"இன்னாத்த வுட்றது? தொப்பியாச்சும் போட்டுகினு போனியா?" என்று அம்மா தொடர்ந்தாள். அடுத்த கணம் நின்றாள்.

எட்டிப் பார்த்தேன். அப்பா கையில் போன் இருந்தது. அவர் மறுபடியும் தொட்டார். "செரி, வுடு."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே இன்னும் கொஞ்ச நேரம் திட்டினாள்.